வாய்க்காலில் கிடந்த கல்

மார்க்கையன்கோட்டையில் கருத்தக்கண்ணனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் தூக்கிப் போடும் இளவட்டக்கல்லின் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. விடியலில் பதினைந்து தரம், பொழுது சாய்ந்தால் பதினைந்து தரம். சேவல்களுக்கு ஊரில் வேலையே இல்லாமல் போயிற்று.

அண்ணன் வீரணன் குடும்பத்தோடு தேயிலை மலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் அவரும் கல்லும்தான். போன பொங்கலில் கல் மார்புவரை வந்து நழுவிவிட்டது. 1937 தைக்கு வீரணன் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தோளுக்கு மேல் போட்டே ஆகவேண்டும். ஆனால் மார்கழி பிறந்ததிலிருந்து கல் முழங்காலைத் தாண்டவில்லை.

"கை நடுங்குதேண்ணே. நாலு நாள் சும்மா கிடங்களேன்" என்றேன்.

"சும்மா கிடந்து என்னலே செய்ய? சுவத்தப் பாக்கவா?"

அஞ்சாம் வகுப்போடு நின்ற பக்கத்து வீட்டுப் பயல் சொல்லை யார் கேட்பார்கள்? பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில், அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்து, கடப்பாரையால் நெம்பி, எதிரே ஓடிய வாய்க்காலில் கல்லை உருட்டிவிட்டேன். அன்றுதான் வயல்களுக்கு முறைத்தண்ணீர் திறந்திருந்தார்கள். மடை அடைக்க ஒன்பது நாள் ஆகும்.

வயலிலிருந்து வந்தவர் இடுப்பளவு ஓட்டத்தில் இறங்கிப் பார்த்தார். கால் ஊன்றவில்லை.

"எந்தக் களவாணிப் பயடா?" என்று கத்தினார். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன்.

வேறு வழியில்லாமல் கல்லுக்குக் காவலாகக் கரையில் உட்கார்ந்தார். துவைக்க வந்த மூக்கம்மாள், ஊர்முறையில் அவருக்கு மதினி, "என்ன கொழுந்தனாரே, கல்லு நீச்சல் பழகுதோ?" என்றாள். முதல் நாள் முறைத்தார். மூன்றாம் நாள், "ஆமா மதினி, இன்னும் கையக் கால அசைக்கல" என்றார். அவள் தூக்குச்சட்டியில் கூழ் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வேப்பமர நிழலில் பகலெல்லாம் தூங்கினார். ஆறாம் நாள் கை நடுக்கம் நின்றிருந்தது.

பொங்கலன்று, வற்றிய வாய்க்காலிலிருந்து நாலு பேர் கயிறு கட்டிக் கல்லைக் கரையேற்றினோம். முழங்கால். மார்பு. தோள். முதுகுக்குப் பின்னால் போய் விழுந்தது. ஊரே கூவியது. அவர் மட்டும் மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீரணன் வரவில்லை.

எல்லாரும் பொங்கல் சாப்பிட அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

மறுபடி முறைத்தண்ணீர் வந்த அன்று காலையில் கல் விழும் சத்தத்தைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தேன். கல் வாய்க்காலுக்குள் கிடந்தது. அவர் கரையில் இருந்தார். சத்தியமாக நான் தள்ளவில்லை.

"எந்தக் களவாணிப் பயண்ணே?"

"எவனோ" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "நீயும் உக்காருலே. மதினி வர்ற நேரந்தான்."