மாப்பிள்ளைக்குப் போன பத்து வீதம்

பஸ்ரியனின் வீடு பஃபலோவில். பகை முழுவதும் ரொறொன்ரோவில். ஆகவே சனிக்கிழமைதோறும் எல்லைப் பாலத்தைத் தாண்டிக் கனடாவுக்கு வருவார்: மல்வேர்னில் மகள் வீட்டில் சாப்பாடு, மருமகனோடு சண்டை, மீன் வாங்கிக்கொண்டு திரும்பல். அமெரிக்கப் பிரஜையாகி இருபது வருடமாகியும் ஒரு அமெரிக்கனோடு அவர் சண்டை பிடித்ததில்லை. அந்த அளவுக்கு நெருக்கம் ஏற்படவில்லை.

பஃபலோவில் அவருக்கு ஆறு லொறிகள் கொண்ட கொம்பனி. எஸ் கோப்பரேஷன் என்ற வகை: கொம்பனி வரி கட்டாது, லாபம் முழுவதற்கும் முதலாளியே தன் பெயரில் கட்டுவார், பிறகு அந்தக் காசை எடுக்கும்போது மறுபடி வரி இல்லை. வருடாவருடம் வரியைக் கட்டினார், காசை எடுக்கவில்லை. கொம்பனிக்குள் கிடந்தால் உறவுக்காரர் கைமாற்றுக் கேட்கமாட்டார்கள் அல்லவா.

மகள் அனோஜாவின் கலியாணத்துக்குப் பத்து வீதப் பங்கைச் சீதனமாகக் கொடுத்தார். யாழ்ப்பாண வழக்கில் சீதனம் பெண்ணின் பெயருக்கே எழுதப்படும். பஸ்ரியன் புதுமை விரும்பி. மாப்பிள்ளை டிலக்சனின் பெயருக்கு எழுதினார். அனோஜா அமெரிக்கப் பிரஜை. டிலக்சன் கனடாக்காரன். அமெரிக்காவில் வசிக்காத அந்நியன் பங்குதாரரானால் எஸ் தகுதி அன்றைக்கே போய்விடும். ஊர் வழக்கத்தைக் கைவிட்டவரை அமெரிக்கச் சட்டம் தண்டித்தது.

அமெரிக்க வரிப் பத்திரங்கள் நிரப்பும் றஜிதா, ஸ்காபரோவில் தன் அலுவலகத்தில் இதைக் கண்டுபிடித்தபோது பங்கு எழுதிப் பத்து மாதம் கடந்திருந்தது.

“தகுதி போன நாளில இருந்து ஒரு வருசம் தருவினம், அண்ணை. அதுக்குள்ள பழைய லாபத்தைக் காசா எடுத்தால் வரி இல்லை. பிந்தினால் அது டிவிடென்ட், லாபப் பங்கு. திரும்ப வரி.”

“லொறியா எடுத்தால்?”

“காசு மட்டும்தான். நீங்கள் எடுத்தால் பங்குப்படி மருமோனுக்கும் குடுக்கவேணும்.”

“உவனுக்கோ? நான் வரி கட்டின காசிலயோ?”

அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டார்.

“பங்கைத் திருப்பித் தாரும்.”

டிலக்சன் பிறம்ரனில் ஒரு லொறி நிறுவனத்தில் வேலை செய்பவன். “குடுத்த சீதனத்தைத் திருப்பிக் கேக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன், மாமா. வைச்சு என்ன செய்யிறது எண்டு நானும்தான் யோசிக்கிறன். உங்கட பழைய லொறியளை நிப்பாட்டக்கூட எங்கட யாட்டுக்குள்ள விடமாட்டாங்கள்.”

“ஜஸ்ட் பே ஹிம், அப்பா,” என்றாள் அனோஜா. “பத்து வீதம்தானே. வரி அதைவிடக் கூட.”

அவள் சொன்னது சரி. அதையும் பஸ்ரியன் மன்னிக்கவில்லை; சாப்பிடாமல் எழுந்து போனார்.

அந்த ஒரு வருடத்தின் கடைசி நாள் மத்தியானம் றஜிதா தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணை, செக் எழுதிட்டீங்களோ?”

“இல்லை. உவனுக்குக் குடுக்கிறதைவிட வரிகாரனுக்குக் குடுக்கிறன். அவன் எடுத்தால் எடுத்ததுதான். எனக்கு முன்னால இருந்து சிரிக்கமாட்டான்.”

டிவிடென்டாக எடுத்தாலும் மருமகனுக்குப் பத்து வீதம் போகும் என்று றஜிதா விளக்கத் தொடங்கினாள். பஸ்ரியன் அதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டிருந்தார்.