டீச்சர் போன் அடித்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம்

'புதிய தொழில்நுட்பத்தில் ஆர்வமும் தேர்ச்சியும் உடையவர். எந்நேரமும் தொடர்புகொள்ளத்தக்கவர்' என்று ஒருவரைச் சுற்றறிக்கையில் வர்ணித்து, டிஜிட்டல் ஒருங்கிணைப்பாளராக நியமித்தது அந்த மிஷன் பள்ளி. அந்த ஒருவர் ஆறாம் வகுப்புத் தமிழாசிரியை சகாயமேரி. போனில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாமல் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டவர்.

பள்ளியைக் குறை சொல்ல முடியாது. ஆசிரியர் கூட்டங்களில் மற்றவர்கள் போனைக் கைப்பைக்குள் ஒளித்து வைத்திருக்க, இவர் மட்டும் கையிலேயே பிடித்திருந்தார். தலைமையாசிரியை அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் அது சிறுநீரகம்.

கணவர் இன்பசேகரனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுது. டயாலிசிஸில் காலம் ஓடிக்கொண்டிருந்தது. தானமாக வரும் சிறுநீரகத்துக்குப் பதிந்துவைத்திருந்தார்கள். வந்தால் மருத்துவமனை போனில் கூப்பிடும். எடுக்கவில்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிடும். அவ்வளவுதான் விதி.

இன்பசேகரனின் எண்ணைக் கொடுப்பதில் பயனில்லை. முன்பு பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டபோதே, "நான் நல்லாத்தான் இருக்கேன், முடியாதவங்க யாரும் இருந்தா பாருங்க" என்று வைத்துவிட்ட மனிதர். அதனால் டீச்சர் தன் எண்ணைக் கொடுத்தார். இன்னொரு எண் வேண்டுமென்றார்கள். யோசிக்காமல் பள்ளி அலுவலக எண்ணைச் சொன்னார். மிஷன் பள்ளியில் படித்து, மிஷன் பள்ளியிலேயே வேலைக்குச் சேர்ந்தவருக்கு, அடித்தால் யாராவது எடுக்கும் போன் என்று உலகத்தில் தெரிந்தது அது ஒன்றுதான்.

கோயிலிலும் ஏற்பாடு இருந்தது. பூசை நேரத்தில் எல்லோரையும் போனை அணைக்கச் சொல்லும் பங்குத்தந்தை, "சகாயமேரி டீச்சர் போன் அடிச்சா மட்டும் யாரும் திரும்பிப் பாக்க வேணாம்" என்று பீடத்திலிருந்தே அறிவித்துவிட்டார். அதன் பிறகு அது அடித்தபோதெல்லாம் மொத்தக் கோயிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் இருந்தது. ஒருமுறை மனை விற்பவர். இன்னொருமுறை காலர் ட்யூனுக்குப் பாட்டு விற்கும் பதிவுக்குரல்.

இந்த நிலையில்தான் வருகைப்பதிவு ஆப் பழைய போன்களில் வேலை செய்யாது, எல்லோரும் போனை அப்டேட் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒருங்கிணைப்பாளர் முன்மாதிரியாக இருக்க வேண்டும். அப்டேட்டின் அளவோ மூன்று ஜிபிக்கு மேல். டீச்சரின் ஒருநாள் டேட்டா அதில் பாதி. பாதி இறங்கி நிற்கும். மறுநாள் பார்த்தால் திரும்ப முதலிலிருந்து. கடைசியில் காளவாசலில் போன் கடை வைத்திருக்கும் ஜெர்சனிடம் கொண்டுபோனார். அவன் கடை வைஃபையில் போட்டுக் கொடுத்தான்.

"பேட்டரிக்கு ஒண்ணும் ஆகாதுல்லப்பா? இது எனக்கு அணையவே கூடாது."

"கொஞ்ச நாளைக்குச் சார்ஜ் சர்ருன்னு இறங்கும் டீச்சர். அப்புறம் அதுவே செட்டாயிரும். பழைய பேட்டரிதான, புது சாப்பாடு ஒத்துக்கிறணும்ல."

ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் காலி. வகுப்பில் பிளக் பாயிண்ட் கரும்பலகைக்கு இடப்பக்கம் இருந்ததால், செய்யுள் முழுவதையும் கரும்பலகையின் இடப்பக்கமே எழுதினார். இதற்கிடையில் ஆசிரியர்கள் எல்லோரையும் விரட்டி அப்டேட் செய்யவும் வைத்தார். கடமை என்று வந்துவிட்டால் அதிலெல்லாம் குறை வைக்கமாட்டார்.

கோயிலின் பாதுகாவலரான புனிதரின் திருநாள் வந்தது. பள்ளிக்கு விடுமுறை. கோயிலுக்குள் நுழையும்போது போனைப் பார்த்தார். முப்பத்துநான்கு சதவீதம் காட்டியது. பூசைக்குத் தாங்கும் என்று பைக்குள் வைத்தார். அப்டேட்டுக்குப் பிறகு அந்த எண்ணே பொய் சொல்ல ஆரம்பித்திருந்தது அவருக்குத் தெரியாது.

அன்றைக்குப் போன் அடிக்கவில்லை. யாருக்கும் மூச்சைப் பிடிக்கும் வேலை இல்லை. பிரசங்கம் கூட நன்றாக இருந்ததாக டீச்சருக்குத் தோன்றியது. பூசை முடிந்து, திருநாளுக்கு எல்லோருக்கும் பொதுவாகப் போடும் அசனச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்று, கணவருக்கு உப்பில்லாமல் கொஞ்சம் சோறு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் போனை எடுத்தபோது திரை கறுத்திருந்தது. சார்ஜரில் செருகினார். உயிர் வந்ததும் முதலில் ஆசிரியர்களின் திருநாள் வாழ்த்துகள் இறங்கின. அதன் கீழே, அணைந்திருந்த நேரத்தில் வந்த அழைப்புகள் என்று ஒரே எண், திரும்பத் திரும்ப. மருத்துவமனை.

உடனே கூப்பிட்டார். எடுத்த பெண் பொறுமையாகவே பேசினாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டோம்னு கணக்கே இல்ல மேடம். சுவிட்ச் ஆஃப்னே வந்துச்சு. ஸ்கூல் நம்பர்லயும் யாரும் எடுக்கல."

"இந்தா வாரோம்மா. ஆட்டோ பிடிச்சு உடனே வாரோம்."

"அடுத்த பேஷண்ட் வந்துட்டாங்க மேடம். உள்ள கூட்டிட்டுப் போயாச்சு."

டீச்சர் நன்றி சொன்னார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. சொல்லிப் பழகிய வாய்.

உள்ளறையிலிருந்து இன்பசேகரன் கேட்டார். "யாரு மேரி?"

"லோன் வேணுமான்னு கேக்குறாங்கங்க."

"வேணாம்னு சொல்லிட்டீல்ல?"

"சொல்லிட்டேன்."

"நல்லது. இவங்களுக்கு நாளு கிழமையே கிடையாது" என்றவர், சோறு ஆறிவிடும் என்றார்.

சகாயமேரி அவருக்குச் சோற்றைப் போட்டுக் கொடுத்தார். பிறகு பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, சார்ஜரைக் கழற்றாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.