கை வைக்காமலே போன கோடு

எனக்குக் கோர்வையா எழுத வராது, படிக்கறவங்க மன்னிக்கணும். அஞ்சாவதோட என்னை நிறுத்திட்டாங்க, இப்ப மறதியும் ஜாஸ்தி. "நீங்களே எழுதுங்க அத்தை, நான் எழுதினா கதைன்னுடுவாங்க"ன்னு மருமக சுமதி சொன்னதால எழுதறேன்.

பேய், சாமி வந்து ஆடறது, குறி சொல்றது எதையும் நான் நம்பினதே இல்ல. கோயிலுக்குப் போவேன், சேவிப்பேன், வந்துடுவேன், அவ்வளவுதான். அதை முதல்லயே சொல்லிடறேன்.

எங்க வீட்டுக்காரர் சின்ன காஞ்சிபுரத்துல பெருமாள் வாகனத்தைத் தோள்ல தூக்கறவர். வைகாசி கருட சேவைன்னா முப்பது வருஷமா முன்தண்டுல வலது பக்கம் அவர்தான். ரெண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, அந்தத் தை மாசம் பக்கவாதம் வந்து வலது கை தொங்கிப்போச்சு, பேச்சும் குழறிப்போச்சு. விரலைத் தினமும் அசைக்கலன்னா அப்படியே நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டார். இவரோ செவுத்தைப் பாத்துப் படுத்தவர் படுத்தவர்தான். ரெண்டு வாய் கஞ்சி, வைகாசி நெருங்க நெருங்க அதுவும் வேணாம்னுட்டார். மாசம் தாண்ட மாட்டார்னு நான் மனசுக்குள்ளயே நெனச்சிக்கினு இருந்தேன், வெளிய சொல்லல.

சுமதி கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கற இடத்துல வேலை பாத்தா. மருமகளை மெச்சினா கண்ணு படும்பாங்க, பட்டா படட்டும். ஏதோ ஓட்டல்ல பில் போடற மேஜையில இருந்த பழைய டச் ஸ்கிரீனை வாங்கியாந்து வீட்டுக் கம்ப்யூட்டர்ல சேத்தா. பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷையாம், அதுல அவளே ஒரு விளையாட்டு எழுதினா. அந்த ஸ்கிரீன் கண்ணாடி மேல விரலை வச்சா கோடு பொறக்கும், நகத்தினா கூடவே வரும், எடுத்தா முடிஞ்சிடும். அந்தக் கோட்டு மேல ஒரு எறும்பு சர்க்கரையைத் தேடிக்கினு நடக்கும். அவ்வளவுதான் விளையாட்டு, ஆனா நான் வாயைப் பொளந்து பாத்துக்கினு நின்னேன். மாமனார் கைக்குன்னு உக்காந்து செஞ்சிருக்காளே.

இவர் பாத்துட்டு, எறும்பு மேய்க்கறதா என் வேலைன்னார். அவ விடல. "பெருமாளையே தூக்கினவருக்கு ஒரு எறும்பைத் தூக்க முடியலையா மாமா?"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. இவர் ரொம்ப நாளைக்கப்புறம் முகத்தைத் திருப்பி அவளைப் பாத்தார். கையை மட்டும் தூக்கல.

கருட சேவை அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே சுமதி சேவிக்கக் கிளம்பிட்டா. போகும்போது அந்த விளையாட்டைப் போட்டு அவர் எதிர்ல வச்சிட்டு, முடிஞ்சா விரலைப் பிடிச்சி வைங்க அத்தைன்னு சொல்லிட்டுப் போனா. நான் அவரைச் சாச்சி உக்கார வச்சேன். வெடிச்சத்தம் கேட்டுச்சு, பெருமாள் கோயில் வாசலைத் தாண்டிட்டார்னு அர்த்தம். அவர் கண்ணுல தண்ணி. வலது கை மடியில கெடந்துச்சு, இடது கையை நான் பிடிச்சிக்கினு இருந்தேன். இதை நல்லா ஞாபகம் வச்சிக்கங்க.

அப்பதான் கண்ணாடியில கீழ்மூலையிலேர்ந்து ஒரு கோடு கிளம்புச்சு.

நம்பினா நம்புங்க. யாரும் தொடல. கொஞ்சம் போவும், நிக்கும், மறுபடி போவும், எறும்பு பின்னாலேயே நடக்குது. நான் ஏதோ கெட்டுப்போச்சுன்னுதான் நெனச்சேன். வெளிய மேளம் நின்னா கோடும் நிக்குது, மேளம் நகந்தா கோடும் நகருது. அவர் குழறிக்குழறி, வாசல், மண்டபம், பெரிய தெருன்னு பெருமாள் போற வழியை ஒவ்வொண்ணா பேர் சொல்ல ஆரம்பிச்சார், கூடவே வலது தோள் லேசா ஏறி இறங்குது. மேளம் எங்க சந்து முனைக்கு வந்துச்சு. பெருமாள் நேரா பெரிய தெருவுல போறவர், எங்க சந்துக்குள்ள வர்ற வழக்கமே இல்ல. ஆனா கோடு திரும்புச்சு. எங்க வீட்டு வாசல் தூரத்துக்கு உள்ள வந்து நின்னுச்சு. எறும்பும் நின்னுச்சு. அப்புறம் கோடு வந்த வழியே போய் பெரிய தெருவுல சேந்துக்கினுச்சு.

அவர் விசும்பி விசும்பி அழுதார். அழுது முடிச்சிட்டு, கஞ்சி குடு, இந்தக் கையைத் தூக்கிக் கண்ணாடியில வைன்னார். வச்சேன். விரல் அரை அங்குலம் நகந்துச்சு.

சுமதி வந்ததும் சொன்னேன். சிரிக்கல அவ. பழைய கண்ணாடி சூட்டுல, ஈரத்துல தானா கோடு போடும் அத்தைன்னு துடைச்சி, காய வச்சி, எல்லாம் பண்ணிப் பாத்தா. மாமா கை தேறுதான்னு தெரிஞ்சிக்க, விரல் வச்சது, நகத்தினது, எடுத்தது எல்லாத்தையும் கம்ப்யூட்டரே குறிச்சி வைக்கற மாதிரி செஞ்சிருந்தாளாம். அதுல அந்தக் கோடு போன நேரத்தைப் பாத்தா நகந்தது மட்டும்தான் இருக்குது. வச்சதும் இல்ல, எடுத்ததும் இல்ல. "வைக்காத விரல் நகர முடியாது, நான் அப்படி எழுதவே இல்லையே"ன்னு மூணு நாள் வரி வரியாப் பாத்தா. கடைசியில எனக்குத் தெரியல அத்தைன்னு ஒத்துக்கினா. அவ்வளவு படிச்சவ அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் பெருசா இருந்துச்சு.

கருட சேவை அன்னிக்குச் சாயங்காலமே ஐயம்பேட்டை ராகவன் பிரசாதத்தோட வந்திருந்தார். இவர் இடத்துல அந்த வருஷம் தோள் குடுத்தவர் அவர்தான். நாங்க வாயே தொறக்கல, அவரே சொன்னார்.

"அண்ணே, உங்க சந்து முனையில தோள்ல கனமே இல்லண்ணே. பின்னாடி இருக்கறவங்க இறக்கிட்டாங்களான்னு திரும்பிப் பாத்தேன், எல்லாரும் தோள் குடுத்துக்கினுதான் நிக்கறாங்க. அவங்களும் என்னையே பாக்கறாங்க. அப்புறம் சடார்னு கனம் வந்து உக்காந்துச்சு."

இவர் அமைதியா, "சந்து குறுகல்டா, பெருமாள் குடை இடிச்சிருக்கும், அதான் திரும்பிட்டார்"னார்.

ஆறு மாசத்துல அவரே அந்த வலது கையால டம்ளரைப் பிடிச்சி காப்பி குடிச்சார். அதுக்கப்புறம் ஏழு வருஷம் இருந்தார். சுமதி கையெடுத்துக் கும்பிட வேண்டிய பொண்ணு, அது நிஜம்.

ஆனா ஒண்ணு மட்டும் இன்னிக்கும் என்னைத் தூங்க விடறதில்ல. மேளம் கேட்டா மனசு உடைஞ்சிடுவாரேன்னு அன்னிக்கு விடியக்காலையிலயே வாசக் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தேன். கோடு வந்து நின்ன நேரத்துல கூட எழுந்து போய்த் தொறக்கணும்னு எனக்குத் தோணல.

வருஷம் எட்டா ஒன்பதான்னு சுமதியைக் கேட்டு யாராவது சரிபாத்துப் போடுங்க. ராகவன் இன்னும் ஐயம்பேட்டையிலதான் இருக்கார். தோள்ல எவ்வளவு நேரம் கனம் இல்லாம இருந்துச்சுன்னு அவர் அன்னிக்கே சொன்னார், நான்தான் மறந்துட்டேன். அதையும் கேட்டுச் சொல்லுங்க.