கொழுந்துக் கம்பியில் மாமா

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், கதை அளப்பதற்கு யாரும் வெளிநாடு போக வேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே நன்றாக அளப்பார்கள். மாமாவோ அரபு நாட்டுக்குப் போய் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, லீவில் வந்து அளந்தார். அதனால் அவர் கதைகளுக்கு மதிப்பும் அதிகம், சந்தேகமும் அதிகம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவரை அழைத்து வர வட்டகொடை ஸ்டேஷனுக்கு அப்பாவோடு நானும் போயிருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது, பள்ளிக்கூட விடுமுறை. ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு ஏறி வருகிற வழியெல்லாம் மாமா ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

"அங்க ஒரு பெரிய குளம் இருக்கு பாப்பா. சுத்தி மேல கம்பி ஓடிக்கிட்டே இருக்கும். கம்பியில கயிறு தொங்கும். கால்ல ஒரு பலகைய மாட்டிக்கிட்டு கயித்தப் புடிச்சாப் போதும், தண்ணி மேல நின்னுக்கிட்டே பறக்கலாம்."

"நீங்க பறப்பீங்களா மாமா?"

"பின்ன? அங்கதானே எனக்கு வேலையே!"

எனக்குத் தலை கால் புரியவில்லை. அப்பா மட்டும் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். அப்பா எதற்குமே அதிகம் பேசுகிறவர் இல்லை.

மாமா ஒரு போட்டோவும் கொண்டு வந்திருந்தார். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, பளபளவென்ற பலகை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி, குளக்கரையில் சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோ. அதைத் தூக்கிக்கொண்டு மூன்று லயமும் சுற்றினேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பெரியப்பா மகன் மட்டும் பிளக்கவில்லை. என்னைவிட மூன்று வயது மூத்தவன், அண்ணன் என்று கூப்பிடுவேன், சண்டை இல்லாத நாட்களில். அவன் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"சட்ட காஞ்சிருக்கே. தண்ணியில போனவரு சட்ட எப்பிடிப் புள்ள காயும்? ஒங்க மாமா சும்மா கப்சா விடுறாரு."

எனக்கு வந்த கோபத்தில் அவன் கையைக் கடித்துவிட்டேன். அதற்கு வாங்கிய அடி தனிக் கதை. அடியை வாங்கிக்கொண்டே சபதமும் போட்டேன். மாமா நம் தோட்டத்துக் குளத்திலேயே தண்ணீர் மேல் நின்று காட்டுவார். காட்டிவிட்டால் அண்ணன் வருடம் முழுக்க என் புத்தகப் பையைச் சுமக்க வேண்டும். காட்டாவிட்டால் பள்ளிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் நான் அவனை, வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி, 'சேர்' என்று கூப்பிட வேண்டும். செத்தாலும் கூப்பிட மாட்டேன் என்று எனக்கே தெரியும். ஆகவே மாமா நின்றே ஆக வேண்டும்.

விஷயத்தை மாமாவிடம் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். பிறகு வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தார். பார்த்தது மலையை அல்ல, கம்பியை.

அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறாம் நம்பர் மலையின் உச்சியில் கொழுந்து நிறுக்கிற மடுவம் இருந்தது. அங்கிருந்து கீழே தொழிற்சாலை வரைக்கும் ஒரு இரும்புக் கம்பி சரிந்து இறங்கும். கப்பியில் கொழுந்து மூட்டையை மாட்டி விட்டால் 'ஙொய்' என்று பாடிக்கொண்டே போய்ச் சேரும். மேலே மூட்டை மாட்டி அனுப்புவது அப்பாவின் வேலை, கீழே கழற்றி எடுப்பது பெரியப்பாவின் வேலை. கத்தினால் கேட்காத தூரம். அதனால் கம்பியையே தடியால் தட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் மூட்டை வந்து சேர்ந்தது. தடதடவென்று பல தட்டு என்றால் மூட்டை நடுவழியில் சிக்கிக்கொண்டது. உடனே அப்பா இன்னொரு கனத்த மூட்டையை அனுப்புவார். அது வேகமாக வந்து முன்னதை இடித்துத் தள்ளிக்கொண்டு போகும். இது எங்கள் தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

கம்பி கடைசியாக ஒரு குளத்தைத் தாண்டித்தான் தொழிற்சாலைக்குப் போகும். ஆழம் மாமாவின் மார்பளவு. தண்ணீர் பல்லைக் கழற்றும் குளிர். மேல்கரையில் ஒரு பாறை, அதில் ஏறி நின்றால் கம்பியைக் கையால் தொடலாம்.

"ஒங்கப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாத" என்றார் மாமா. "கண்டாக்கு அய்யா காதுல விழுந்தா ஒங்கப்பா வேலைக்கே வேட்டு."

மலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு அய்யாவுக்கு இலை அசைந்தாலே காது கேட்கும். இருந்தாலும் எனக்கு என் சபதம்தான் பெரிதாக இருந்தது.

பழைய தேயிலைப் பெட்டியின் பலகையை மாமா கழற்றினார். முனைகளைத் தேய்த்து வளைவாக்கி, சைக்கிள் டியூபை வெட்டிக் கால் மாட்ட இரண்டு வார் அடித்தார். வார் எந்த இடத்தில் வர வேண்டும், கால் எவ்வளவு அகலத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தது. மாட்டுக் கயிற்றின் நுனியில் மம்பட்டிப் பிடியைக் கட்டினார், பிடித்துக்கொள்ள. உதிரியாகக் கிடந்த கப்பி ஒன்றை அண்ணனே கொண்டு வந்தான். நம்பாதவனுக்கும் பார்க்க ஆசை இருக்காதா?

ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து அதிகம் வருகிற காலம், அன்றும் மலையில் வேலை இருந்தது. மதிய மூட்டைகள் இறங்கியதும் பெரியப்பா சாப்பிடப் போய்விட்டார். அப்பா மேலே மடுவத்தில் அடுத்த நிறுவைக்காகக் காத்திருந்தார். எங்களுக்கு நல்ல காலம், பனிமூட்டம் இறங்கி மடுவத்தையே மறைத்துவிட்டது. எங்களுக்கு அப்பா தெரியவில்லை, அப்பாவுக்கு நாங்களும் தெரிய வழியில்லை.

அண்ணன் பாறைமேல் ஏறிக் கப்பியைக் கம்பியில் மாட்டிப் பிடித்துக்கொண்டான். மாமா கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து பலகையில் காலை நுழைத்தார். உதடு நீலமாகிவிட்டது. நான் எதிர்க்கரையில், கம்பி வந்து முடிகிற, பெரியப்பா நிற்கிற தூணருகில், அவருடைய தடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தடி எதற்கு என்று என்னைக் கேட்டால், சும்மா ஒரு கெத்துக்குத்தான்.

"விடுடா!" என்றார் மாமா.

அண்ணன் விட்டான். கப்பி கிறீச்சிட்டது. கயிறு விறைத்தது. மாமா உட்கார்ந்த வாக்கிலேயே தண்ணீரை உழுதுகொண்டு வந்தார். ஐயோ, எழும்பவில்லையே! 'சேர்' என்ற சொல் என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அப்போது முதுகு நிமிர்ந்தது. முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், மாமா எழும்பி நின்றார்! தண்ணீர் மேலே! இரண்டு பக்கமும் வெள்ளையாகச் சிதறுகிற தண்ணீருக்கு நடுவில் எங்கள் மாமா நின்றார்!

"நின்னுட்டாரு! மாமா நின்னுட்டாரு!"

கத்தினேன், குதித்தேன். அதுவும் போதாமல் கையிலிருந்த தடியால் கம்பியைத் தடதடவென்று அடித்து நொறுக்கினேன்.

குளத்தின் நடுவில் கம்பி தொய்ந்திருந்தது. அங்கே வந்ததும் கப்பி தயங்கியது. மாமா முழங்கால் வரை இறங்கினார், பிறகு இடுப்பு வரை. அந்த நேரத்தில் கம்பி பாட ஆரம்பித்தது. அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் கைக்குத் தடதட என்றால் ஒன்றே ஒன்றுதான் அர்த்தம்.

"மாமா, மூட்ட வருது!" என்று அண்ணன் பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு அலறினான்.

பனிக்குள்ளிருந்து கொழுந்து மூட்டை ஒன்று கொழுத்த பன்றி மாதிரிப் பாய்ந்து வந்தது. அண்ணன் தலைக்கு மேலாகப் போய் மாமாவின் கப்பியை இடித்தது, டங்! இடுப்பளவில் நின்ற மாமா தண்ணீரைப் பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பினார். மறுபடி நின்றார்! முதல் தடவை கொஞ்சம் கூனல், இந்தத் தடவை நெட்டுக்குத்தாக. மீதிக் குளத்தையும் நின்றபடியே கடந்து, சேற்றில் ஏறி, புல்லில் சறுக்கி, என் காலடியில் வந்து விழுந்தார். பின்னாலேயே வந்த மூட்டை தூணில் மோதி வாய் பிளந்து, கொழுந்து முழுவதும் அவர் தலையில் கொட்டியது.

நான் சிரித்தேன். அண்ணன் குளத்தைச் சுற்றி ஓடி வந்தவன் என்னைப் பார்க்கவே இல்லை. "மாமா, அடுத்தது நானு!" என்றான். எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்தது நான் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் அடுத்ததாக வந்தவர் அப்பா. மூட்டையை அனுப்பியும் வந்து சேர்ந்த அந்த ஒற்றைத் தட்டு கேட்காவிட்டால் யார்தான் இறங்கி வர மாட்டார்கள்? மலைச்சரிவில் தேயிலைச் செடிகளைப் பிய்த்துக்கொண்டு இறங்கினார்.

"மச்சான்! ஒங்களுக்குக் கிறுக்கா? கழுத்து போயிருந்தா ஒங்க அக்காவுக்கு நான் என்னத்தச் சொல்றது?"

எனக்கும் முதுகில் ஒன்று விழுந்தது. பலகை அன்றைக்கே அடுப்புக்குப் போனது. என் முறை வரவே இல்லை. சிந்திய கொழுந்தை நால்வரும் கண்டாக்கு அய்யா வருவதற்குள் அள்ளிச் சாக்கில் திணித்தோம். அண்ணன் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. வருடம் முழுக்க என் பையைச் சுமந்தான். நானும் வேண்டுமென்றே கல் போட்டுக் கொடுத்தேன்.

போன வருட விடுமுறையில் என் பிள்ளைகளோடு வெளிநாட்டில் அப்படி ஒரு குளத்துக்குப் போனேன். மாமா சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. சுற்றி ஓடும் கம்பி, தொங்கும் கயிறு, பலகை, எல்லாம் இருந்தன. பிள்ளைகள் விழுந்து விழுந்து எழும்பினார்கள். அவர்கள் விழுந்த இடத்திலெல்லாம் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்ப் பலகையை மீட்டுக் கொண்டு வந்தார். குனிந்து அவர்கள் காலில் வார் மாட்டிவிட்டார். மஞ்சள் சட்டை. பேச்சைக் கேட்டால் நம் பக்கத்து ஆள்.

"நீங்களும் போவீங்களா இதுல?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு வுட மாட்டாங்கம்மா" என்று சிரித்தார். "நான் வந்து அஞ்சு வருசமாச்சு."

பிள்ளைகள் அடுத்த சுற்றுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது.

அன்று தோட்டத்துக் குளக்கரையில் அப்பா ஏசி முடித்தபோது, மாமா எதையும் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்கக் கொழுந்து, பல் தந்தியடித்தது.

"பாப்பா, நான் நின்னேனா?"

"நின்னீங்க மாமா."

"நல்லாப் பாத்தியா? நெசமா நின்னேனா?"

"என்ன மாமா, அங்க தெனமும் நிக்கிறீங்கதானே? இது என்ன பெரிய விசயம்?"

மாமா தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தன் கம்பளியைக் கழற்றி மாமாவைச் சுற்றிப் போர்த்தினார்.

"நின்னீங்க மச்சான்" என்றார். "நான்தான் மேலேருந்து பாத்தேனே. ராசா மாதிரி நின்னீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பனியில் மேலேயிருந்து எதைப் பார்த்தாராம்? பார்த்தவள் நான். அப்பா மாமாவிடம் பச்சைப் பொய் சொன்னார் என்று அன்று சாயந்தரமே அம்மாவிடம் சொல்லிக் கொடுத்தேன்.