கொடி பிடிப்பவருக்கு ஒரு கூலிங் கிளாஸ்

1. மேட்டு டெஸ்ட்

சண்டை கடைக்குள் நுழைந்தபோது நான் ஒரு பிரேமுக்கு ஸ்க்ரூ மாட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் ஆரோக்கியசாமி, பின்னால் அவர் மனைவி பிலோமினா. ராபர்ட்சன்பேட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவளுக்கு ஊர்க் குடும்பச் சண்டைகள் எல்லாம் கொஞ்சம் தெரிந்துதான் இருக்கும். இது புதிது.

"வசந்தாம்மா, நீயே சொல்லு. கண்ணாடி போடாம இவர நான் வாசப்படி தாண்ட உடமாட்டேன்."

"போட்டுகினுதான இருக்கேன்!" என்றார் ஆரோக்கியசாமி. ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுப்பார்களே, பெட்டி மாதிரி கறுப்புக் கண்ணாடி, அது அவர் மூக்கின் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸிலிருந்து மாதா திருவிழாவுக்காக ஒரு கூட்டம் வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும். முன்னால் மாதா கொடியைப் பிடித்துப் போவது ஆரோக்கியசாமி. இங்கே தங்கச் சுரங்கத்தை மூடிய சமயத்தில் அவர் மகள் மூளைக்காய்ச்சலில் கிடந்தாள். அவள் பிழைத்தால் உயிருள்ளவரை நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிழைத்தாள். இப்போது தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள், அப்பாவை அதட்டவும் செய்கிறாள். ஆனால் அவருக்கு இடது கண் பிரஷரில் போய்விட்டது. வலது கண்ணில் இந்த வருஷம் புரை எடுத்திருக்கிறார்கள். நடக்கலாம், ஆனால் அந்தக் கண்ணில் வெயிலும் தூசியும் படக் கூடாது என்பது டாக்டர் போட்ட கண்டிஷன்.

"இத்தயே போட்டுகினு போறேன். ஆபரேஷன் கேஸுன்னு தெரியும், ஒருத்தனும் கேலி பண்ணமாட்டான்."

நான் வாக்குவாதம் செய்யவில்லை. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வெயிலில் போடுகிற கண்ணாடியைக் கடைக்குள் கண்ணாடி முன் நின்று முடிவு செய்ய விடமாட்டேன். சயனைடு மேட்டு அடிவாரம் வரை உச்சி வெயிலில் நடந்துவிட்டு வரச் சொல்வேன். பொன் எடுத்த பிறகு கொட்டிய மண், மலையாகக் குவிந்து கிடக்கிறது. வெயில் அதில் பட்டு முகத்தில் அடிக்கும், காற்று வந்தால் தூசி பறக்கும். அந்த மேட்டைவிட நல்ல டெஸ்டிங் மெஷினை எந்தக் கம்பெனியும் எனக்கு விற்கவில்லை.

போனார். திரும்பி வரும்போது கண்ணாடி கையில் இருந்தது, கண் சிவந்திருந்தது.

"வேர்வையில வழுக்குதும்மா."

அடுத்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வளைத்தாலும் உடையாத பிளாஸ்டிக் பிரேம், பாலிகார்பனேட் லென்ஸ், மூக்கில் ரப்பர், பக்கவாட்டில் காற்றும் தூசியும் நுழையாத வளைவு. பழுப்பு டின்ட், அதுவும் நடுத்தரம். ஒரே கண்ணால் மேடு பள்ளம் பார்த்து நடப்பவருக்குக் கன்னங்கறுப்பு லென்ஸ் கொடுத்தால், கண் பிழைக்கும், கால் பிழைக்காது. போலரைஸ்டு வேண்டுமா என்று பிலோமினா கேட்டாள். அது தண்ணீரில் பட்டுக் கூசும் வெயிலை வெட்டுவதற்கு, விலையும் ஏறும், இவர் கடலைப் பார்க்கப் போவது கடைசி நாளில்தான் என்றேன்.

அவர் அதைக் கையில் வாங்கி முகம் சுளித்தார். "இன்னாம்மா இது, பர்த்டே கேக்குக்குக் குடுக்கற பிளாஸ்டிக் ஸ்பூனாட்டம் கீது?"

"போய்ட்டு வாங்க, அப்புறம் திட்டலாம்."

போனார், வந்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், அந்த வருஷத்து மழையைப் பற்றிக்கூடப் பேசினார். கண்ணாடியைக் கழற்றவில்லை. என் கடையில் அதுதான் பாஸ் மார்க். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிற்றையும் சேர்த்துக் கொடுத்தேன்.

2. மச்சான் வந்தார்

மறுநாள் பிலோமினாவின் அண்ணன் சவேரி வந்தார். நடைக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அவர் சொன்னால் கொடி, அவர் சொன்னால் சோறு. பின்னாலேயே பிலோமினாவும் ஆரோக்கியசாமியும் வந்துவிட்டார்கள்.

"இன்னாம்மா வசந்தா, வியாபாரம் பண்றதுக்கு ஒரு அளவு வேணாமா? கூலிங் கிளாஸ் போட்டுகினு மாதா கொடி புடிச்சா பாக்கறவன் இன்னா நினைப்பான்? வேண்டுதலுக்குப் போறானா, ஓட்டு கேக்கப் போறானா? கண்ணாடி போட்டா கொடி கிடையாது. வேன்ல சாமான் மூட்டையோட வரட்டும்."

ஆரோக்கியசாமியின் முகம் வாடிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பிலோமினா முந்திக்கொண்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மச்சான்கள் இருவரும் நந்திதுர்க் சுரங்கத்தில் ஒரே ஷாஃப்டில் வேலை பார்த்தவர்கள். சுரங்கக் கூண்டான கேஜில் ஆட்களை ஏற்றி, கதவைச் சாத்தி, மணி அடிக்கும் பேங்க்ஸ்மேன் சவேரி. மணியைக் கேட்டுக் கேஜைக் கீழே இறக்கும் வைண்டிங் டிரைவர் ஆரோக்கியசாமி. மணி வராமல் இவர் லீவரைத் தொடமாட்டார். பாதுகாப்புத் தொப்பி இல்லாதவனை அவர் கேஜில் ஏற்றமாட்டார்.

"அண்ணே, தொப்பி போடாம வந்தாருன்னு பெரிய ஆபீசரையே கேஜாண்டருந்து திருப்பி அனுப்புனியே, அப்ப அது ஸ்டைலா இல்லயான்னு பாத்தியா?"

"அது உசுரு விசயம்."

"இது இன்னா விசயம்? இவருக்கு இருக்கறதே ஒரு கண்ணு. தொப்பி இல்லாம அத்த எறக்கச் சொல்றியா நீ?"

சவேரி மேஜை மேலிருந்த கண்ணாடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "வெயிட்டே இல்லியே" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுப் போனார். சரி என்றாரா, இல்லையா? மூன்று பேருக்கும் தெரியவில்லை.

3. கோயில் கேட்

புறப்படும் நாள் விடியலில் என் கதவைத் தட்டினார்கள். கடைக்குப் பின்னால்தான் வீடு. திறந்தால் வேண்டுதல் காவி உடுத்து ஏழெட்டு பேர்.

"அக்கா, சவேரிண்ணன் கோயில் கேட்ல நின்னுகினு ஒவ்வொருத்தரா செக் பண்றாரு. கண்ணாடி இல்லாதவன் லைன்ல வரக்கூடாதாம்!"

பல்கூடத் தேய்க்காமல் ஷட்டரைத் தூக்கினேன். ஒரு பையன் மயில் கழுத்து நிறத்தில் பளபளக்கும் ஒன்றைக் கேட்டான். புற ஊதாக் கதிர் அடிக்கும் யூவி டார்ச்சை லென்ஸ் வழியே ரூபாய் நோட்டில் அடித்துக் காட்டினேன். நோட்டில் கோடுகள் மின்னின. "தம்பி, வெயில் இப்படித்தான் உள்ளே வரும். இது கல்யாண போட்டோவுக்கு" என்று சொல்லி, விலை குறைந்த சாதா ஒன்றில் அதே டார்ச்சை அடித்தேன். மின்னவில்லை. அவன் சோகமாக அதை வாங்கிக்கொண்டான்.

பின்னாலேயே நானும் கோயிலுக்குப் போனேன். கொடி ஆரோக்கியசாமி கையில் இருந்தது. கண்ணாடியும் முகத்தில் இருந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு. வெயில் இன்னும் வரவில்லை, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

4. மணி

திருவிழா முடிந்து வந்தவர்களை அடையாளம் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. முகமெல்லாம் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் வெளுப்பு. சாம்பியன் ரீப்ஸில் கொஞ்ச நாள் அதுதான் ஸ்டைல்.

ஆரோக்கியசாமி கடைக்கு வந்தார். வேனில் ஏறவே இல்லையாம். கண் தெளிவாக இருந்தது.

"ஆனா திருவண்ணாமல தாண்டி நான் ஒரு எடத்துல நின்னுட்டேம்மா" என்றார்.

"ஏன், கால் வலியா?"

"மச்சான் எல்லாரையும் செக் பண்ணாரு. அவுரு மட்டும் கண்ணாடி வாங்கவே இல்ல. கண்ணு ரெண்டும் சிவந்து தண்ணியா ஊத்துது. நடன்னு கத்தறாரு. நான் கொடிய ஊனி நின்னுகினேன். பின்னால மொத்த கூட்டமும் நிக்குது. இன்னாடா ஆச்சுன்னு வந்தாரு. பேங்க்ஸ்மேனுக்கே தொப்பி இல்ல, வண்டி நகராதுன்னேன்."

"அப்புறம்?"

"பிலோமினா பையில ஒண்ணு எக்ஸ்ட்ரா வெச்சிருந்தா, அண்ணனுக்குன்னே. மாட்டிகினாரு. மாட்டிகினு, நந்திதுர்க்ல மணி அடிப்பாரே, அதே மாதிரி கைத்தடியால தார் ரோட்டுல தட்டுனாரு. அப்புறம்தான் நான் காலெடுத்து வெச்சேன்."

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எடை, டின்ட், யூவி எல்லாம் பாருங்கள், நடக்க விட்டுப் பாருங்கள். அதோடு, இந்தக் கண்ணாடியைப் போட்டால் இவரை யார் கேலி செய்வார்கள் என்றும் கேட்டு வையுங்கள். அந்த ஆளுக்கும் ஒன்று எடுத்து வையுங்கள்.