மல்யுத்தத்துக்குப் பின் வந்த மழை

திருக்கழுக்குன்றத்தில் வீடியோ கேசட்டுகளை வாடகைக்கு விட்ட அந்த ஆளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அவரைப் பிடிக்காது. புருவங்கள் ஒட்டிய கடுகடுத்த முகம். திரும்பி வரும் கேசட்டைக் கடைசிவரை வேகமாக ஓட்டிப் பார்க்காமல் யாரையும் அனுப்ப மாட்டார்.

நான் அடிக்கடி எடுத்தது ஒரே கார்ட்டூன் படம். உலகம் எரிந்து முடிந்தபின், சாம்பல் காட்டில் ஒரு சிறுமி கொம்பு முளைத்த ஆமையோடு தண்ணீர் தேடிப் போவாள். பாஷை புரியாது. ஆனாலும் கடைசியில் மழை பெய்யும்போது எனக்கு அழுகை வந்துவிடும்.

"உன் வயசுக்காரன்லாம் புள்ளைய ஸ்கூல்ல சேத்துகினு கீறான். நீ இன்னா, பொம்மை படத்துக்கு வந்துகினு கீற?" என்பார். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

ஒருநாள் அந்தக் கேசட்டில், படம் அழியாமலிருக்க உடைத்து வைத்திருந்த மூலையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். அப்படி ஒட்டினால் அதன்மேல் வேறு படம் பதியலாம்.

"மல்யுத்தம் ஏத்தப் போறேன். உன்ன வுட்டா எவன் பாக்கறான் இத்த?"

"வேணாண்ணா, அழிச்சிடாதீங்க."

"போய்யா, பேஜாரு பண்ணாத."

அடுத்த வாரம் அதையே எடுத்துவந்து போட்டேன். இரண்டு தடியர்கள் உருண்டார்கள். வயிறெரியப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சண்டை பாதியில் அறுந்தது. சாம்பல் காட்டில் மழை பெய்தது.

திருப்பிக் கொடுத்தபோது, வழக்கம்போலக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தார். மழையும் ஓடியது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இன்னா மொறைக்கிற? நவுரு," என்றார்.

தெரிந்துதான் விட்டுவைத்தாரா? அவரை இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முழுதாக வெறுக்கவும் முடியவில்லை.