கீழ்த்தளம் முதலில்

சித்தூரில் பாதியில் நின்றிருந்த அரசு மாணவியர் விடுதியின் சாரத்துக்குக் கீழே, வெயிலுக்குப் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற காண்ட்ராக்டரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. “கட்டடம் எப்படிக் கட்றதுன்னு காலேஜில படிச்சு முடிச்சிட்ட. அதுக்கு மேல ரெண்டு வருஷம் இன்னாம்மா படிச்சிக்கினு இருக்க?” சொன்ன நேரத்துக்குள் எப்படிக் கட்டி முடிப்பது என்று படிக்கிறேன் என்றேன். அவர் திரும்பி, ஜன்னல் மேல்மட்டத்து லிண்டலோடு நின்றுபோன மாடிச் சுவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, “அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்திருக்க” என்றார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருப்பதியில் கட்டுமான மேலாண்மை என்ற மேற்படிப்பில் சேர்ந்திருந்தேன். பாடம் புதிது, வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கடைசிப் பருவம் முழுக்க ஏதாவது ஒரு சைட்டில் இருந்து, நடக்கும் வேலையைத் திட்டமிட்டு, அதையே ஆய்வாக எழுதித் தர வேண்டும். உடன் படித்தவர்களுக்கு அணைக்கட்டும் பாலமும் கிடைத்தன. என்னை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் பேராசிரியர் சில வாரங்கள் தள்ளிப்போட்டார். நகரியில் விசைத்தறி வைத்திருந்த என் நைனாவோ, ஆம்பளைங்க மட்டும் இருக்கிற இடத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்தார். அப்போதுதான் சித்தூரில் ஒரு பெண் காண்ட்ராக்டர் இருக்கிறார் என்று யாரோ பேராசிரியரிடம் சொன்னார்கள். நைனா என்னோடு பஸ்ஸில் வந்து சைட்டைச் சுற்றிப் பார்த்தார். காண்ட்ராக்டரம்மா வீட்டின் முன்னறையில் என் பெட்டியை வைத்துவிட்டு, “பாப்பா, இவங்க சொல்றபடி இரு” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். அப்படித்தான் என் படிப்பின் முக்கியமான பகுதி ஆரம்பித்தது.

அவர் காண்ட்ராக்டரான கதையை அவர் வீட்டில் தங்கிய முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன். சித்தூரின் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். கணவர்தான் காண்ட்ராக்டர். விடுதிக் கட்டடம் மாடிச் சுவர் வரை வந்தபோது, ஒரு காலை நேரத்தில் சைட்டிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வாரிசு என்ற முறையில் மனைவி வேலையைத் தொடரலாம் என்று துறை சொன்னது. காகிதத்தில்தான் அவர் பெயர் இருக்கும், வேலையைக் கணவரின் தம்பி பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் மட்டும் பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் சைட்டுக்கு வந்து நின்றார். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. மேஸ்திரிகளும் கொத்தனார்களும் தம்பி அழைத்து வந்த ஆட்கள். அண்ணி ஒன்று சொன்னால் முகத்தை நேராக வைத்துக்கொண்டு தலையாட்டுவார். பிறகு தன் விருப்பப்படியே வேலையை நடத்துவார்.

நான் செய்ய வேண்டியது வலைப்படம் வரைவது. ஒவ்வொரு வேலையும் ஒரு அம்பு. அது முடியும் இடம் ஒரு வட்டம். எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று அம்புகளை இணைத்துக்கொண்டே போனால், கடைசி வட்டத்துக்குப் போகும் வழிகளில் மிக நீளமானது எது என்று தெரியும். அந்த வழியில் ஒரு வேலை தாமதமானால் கட்டடமே தாமதமாகும். மற்ற வழிகளில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பாதகமில்லை. பழைய ப்ளூபிரிண்ட் ஒன்றின் பின்பக்கத்தில், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையை முழுக்க அடைத்துக்கொண்டு வரைந்தேன். அவர் கையில் காபியோடு என் தோளுக்குப் பின்னால் நின்று நெடுநேரம் பார்த்தார். நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, “எங்க சர்ச்சில கல்யாணம் மாதிரின்னு சொல்லு” என்றார். எனக்குப் புரியவில்லை. “மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கணும். பொண்ணு இவ, மாப்பிள்ளை இவரு, யாருக்காவது தடை இருந்தா சொல்லுங்கன்னு. நீ பத்து சமையக்காரர வெச்சிக்கினாலும், ஊரையே கூட்டிக்கினு வந்தாலும் அந்த மூணு ஞாயிறு கொறையாது. புடவை எடுக்கிறது, பந்தல் போடறது எல்லாம் அதுக்குள்ள எப்ப வேணா முடிச்சிக்கலாம். சரிதானே?” என் பாடப்புத்தகத்தில் நான்கு பக்கங்களுக்கு இருந்த விளக்கம் அதுதான். சரிதான் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன்பின் தினமும் சாயங்காலம் எங்களுக்கு அந்த மேசைதான் வகுப்பறை. எனக்கு வயது இருபத்துமூன்று; என் மாணவிக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. டீச்சராக இருந்தவர் மாணவியாக மாறினால் எப்படிக் கேள்வி கேட்பார் என்பதை அங்கேதான் பார்த்தேன். புரியாததைப் புரிந்ததாக ஒருபோதும் அவர் காட்டிக்கொண்டதில்லை.

மாசி மாதம் போல, ஒப்பந்தத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டுத் துறையிலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் கேட்டதில் தப்பில்லை. கெடு எப்போதோ தாண்டியிருந்தது. திருப்பதியில் எஸ்.இ. என்ற கண்காணிப்புப் பொறியாளர் அலுவலகத்துக்கு நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். தம்பி அன்றைக்கே வீட்டுக்கு வந்தார். “அண்ணி, எனக்குப் பவர் எழுதிக் குடுத்துடுங்க. நான் போய்ப் பேசிக்கிறேன். பொம்பளை போய் நின்னா இன்னும் இளக்காரமாப் பூடும்” என்றார். காண்ட்ராக்டரம்மா கடிதத்தை மடித்து வைத்தார். தம்பி போனதும் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். “நிஜத்தச் சொல்லும்மா. ஜூன்ல ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள இந்தக் கட்டடம் முடியுமா?”

முடியாது என்றேன். எத்தனை ஆட்களைப் போட்டாலும் மாடிக்கு மேல்தளம் போட்டு, அது இறுகி, பூச்சு முடிய ஆகஸ்ட் தாண்டும் என்று என் படம் சொன்னது. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் மெல்ல மாடி வேலைகளின் மேல் போய் நின்றது. “இத எல்லாம் எடுத்துட்டா? பசங்களுக்கு ஜூன்ல படுக்க எடம் வேணும், சமையக்கட்டு வேணும், கக்கூஸ் வேணும். மாடி அப்புறம் வந்தா அவங்களுக்கு இன்னா?”

எனக்கு அது தோன்றவே இல்லை. கட்டடம் என்றால் முழுக் கட்டடம் என்றுதான் நான் படித்திருந்தேன். மறுநாள் முழுக்க உட்கார்ந்து கீழ்த்தளத்துக்கு மட்டும் வேறு படம் வரைந்தேன். மிக நீளமான வழி சுவர்கள் வழியாகவே போகவில்லை. பின்பக்கத்துச் செப்டிக் டேங்க், அதிலிருந்து கழிவறை, அதன்பின் தண்ணீர்க் குழாய் என்று போயிற்று. தம்பியின் ஆட்கள் அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அங்கே ஒரு மண்வெட்டி கூட விழுந்திருக்கவில்லை.

திருப்பதிக்கு ரயிலில் போனோம். தம்பியும் வந்தார், ஆனால் வேறு பெட்டியில் ஏறினார். பாகாலாவில் வண்டி நெடுநேரம் நின்றது. பிளாட்பாரத்துச் சிமெண்ட் பெஞ்சில் படத்தை விரித்து, ஒவ்வொரு அம்பையும் தொட்டுத் தெலுங்கில் சொல்லிப் பார்த்தார் காண்ட்ராக்டரம்மா. பழக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். “ஜோசியமா?” என்று என்னிடம் கேட்டாள். “ஆமா, எங்க கட்டடத்துக்கு” என்று அவரே பதில் சொன்னார்.

அலுவலகத்தில் எஸ்.இ. பேச்சைத் தம்பியைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். தம்பி தொண்டையைக் கனைத்தார். அதற்குள் மேசைமேல் படம் விரிந்திருந்தது. “சார், வேலை என் பெயரில் இருக்கிறது. நான் சொல்கிறேன்” என்றார் காண்ட்ராக்டரம்மா தெலுங்கில். எஸ்.இ. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். “மீரே செப்பண்டி அம்மா” என்றார். நீங்களே சொல்லுங்கள் என்ற அந்த அனுமதி கிடைத்ததும் அவர் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது. கீழ்த்தளம் ஜூனில், மாடி அதற்குப் பிறகு. கதவுக்கு மரம் வரத் தாமதமானால் என்ன செய்வீர்கள் என்று எஸ்.இ. கேட்டார். கதவு கொஞ்சம் முன்பின் ஆகலாம், அது தள்ளிப்போனாலும் திறப்பு தள்ளிப்போகாது. தண்ணீர்க் குழாய் தள்ளிப்போனால்தான் திறப்பும் தள்ளிப்போகும் என்றார். “செப்டிக் டேங்குக்குத் தோண்டும்போது பாறை வந்தால்?” என்று அடுத்துக் கேட்டார் எஸ்.இ. நாங்கள் அதை ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

“தெரியாது சார்” என்றார் அவர். “இன்னும் தோண்டவே இல்லை. தெரியாததால்தான் நாளைக் காலையில் அதை முதலில் தோண்டப் போகிறேன்.”

எஸ்.இ. படத்தை ஒருமுறை முழுக்கப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, பள்ளி திறக்கும்போது கீழ்த்தளம் ஒப்படைக்கப்பட வேண்டும், தவறினால் ஒப்பந்தம் ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் தம்பி எங்களுக்காக நிற்கவில்லை. “அந்தப் படமே வந்து கட்டட்டும் அண்ணி” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மறுநாள் சைட்டுக்கு ஒரு கொத்தனாரும் வரவில்லை.

கிடைத்த கூலியாட்களை வைத்துக் குழி தோண்ட ஆரம்பித்தோம். இடுப்பளவு ஆழத்தில் பாறை வந்தது. அக்கம்பக்கத்தில் வீடுகள் இருந்ததால் வேட்டு வைக்க முடியாது. பிச்சாட்டூரில் ஏரிக் கால்வாய் பழுதுபார்த்த கல்லுடைப்பவர்கள் வேலை முடிந்து கிளம்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சித்திரை வெயிலில் பஸ் மாறி மாறிப் போனோம். அவர்களில் மூத்த பெண், “அத்தினி தூரம் வந்தா கொயந்தைங்கள எங்க வெச்சிக்கிறது?” என்று கேட்டாள். காண்ட்ராக்டரம்மா யோசிக்கவில்லை. “சிமெண்ட் ஷெட்டைக் காலி பண்ணித் தர்றேன். எங்க வீட்டுக் கெணத்துல தண்ணி இருக்குது. வாங்க” என்றார். அவர்கள் வந்தார்கள். விறகு அடுக்கித் தீ மூட்டி, சூடேறிய பாறையில் ஆப்பு அடித்துப் பிளந்தார்கள். என் படத்தில் அந்த வேலைக்கு நான் விட்டிருந்த நாட்கள் போதவில்லை. ஆனால் அதை முதலில் தொட்டதால் பின்னால் வந்த வேலைகளில் ஈடுகட்ட முடிந்தது. வேலை நடக்கிறது என்று ஊரில் தெரிந்ததும் பழைய கொத்தனார்களில் சிலர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஏன் போனீர்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. தம்பி மட்டும் வரவே இல்லை. பண்டிகைக்குக் கூட இரு வீட்டாரும் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். “அவரு உயிரோட இருந்தா தம்பிய விட்டிருக்க மாட்டாரு” என்று காண்ட்ராக்டரம்மா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அந்த வேலையை வைத்து நான் எழுதிய ஆய்வு எனக்குப் பட்டம் வாங்கித் தந்தது. பிறகு எத்தனையோ பெரிய சைட்டுகளில் இருந்துவிட்டேன். நான் மேசை முழுக்க வரைந்ததை இப்போது கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் வரைந்து காட்டுகிறது. காண்ட்ராக்டரம்மா பள்ளிக்குத் திரும்பவில்லை. தன் பெயரிலேயே காண்ட்ராக்டராகப் பதிவு செய்துகொண்டு, வடமாலபேட்டையில் ஒரு பள்ளிக்கூடம், இன்னும் சில கட்டடங்கள் என்று செய்தார். அவர் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. எந்தப் பெரிய கட்டடத்தின் திறப்பு விழாவில் நின்றாலும், எனக்கு நினைவு வருவது அந்த விடுதி திறந்த நாளின் சாயங்காலம்தான்.

விழா முடிந்து அதிகாரிகள் போய்விட்டார்கள். தகரப் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாகப் பெண்கள் உள்ளே இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழும் தெலுங்கும் கலந்த இரைச்சல் வெளிவரை கேட்டது. காண்ட்ராக்டரம்மாவைக் காணவில்லை என்று தேடிப் போனேன். பின்பக்கம், மாடிக்குப் போகும் கைப்பிடியில்லாத படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அவரு போனதுக்கு இன்னிக்குத்தாம்மா அழுவறேன்” என்றார். “இத்தினி நாளும் அழுதா கீழ உழுந்துடுவேன்னு பயம்.” அவர் அழட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், “அம்மா, ஈ கொழாயிலோ நீள்ளு ராலேது!” என்று கத்தியது. குழாயில் தண்ணீர் வரவில்லையாம். காண்ட்ராக்டரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வருதும்மா, அத எதிர்ப்பக்கம் திருப்பணும்” என்று குரல் கொடுத்தபடியே எழுந்து உள்ளே போனார்.